பச்சைக்கு விலை வைத்த கண்

‘ஏலம்’ என்று ஒருவர் சொன்னால் அது மலையில் விளையும் காயா, கூவிக் கேட்கும் விற்பனையா என்று அந்தச் சொல்லை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. காயின் பெயர் நம் பழஞ்சொல். விற்பனையின் பெயர் போர்த்துகீசியரோடு கரையேறியது. போடிநாயக்கனூரில் இரண்டும் ஒரே கூடத்தில் சந்திக்கின்றன. அங்கே ஏலம் ஏலத்துக்கு வருகிறது. அப்படியிருந்தும் ஊரில் யாரும் குழம்புவதில்லை. முன்னும் பின்னும் வரும் சொற்களைக் கொண்டு மூளை பொருளைத் தீர்மானித்துவிடுகிறது. தீர்மானம் நடந்ததுகூட நமக்குத் தெரிவதில்லை. கண் பார்ப்பதும் இதே வழியில்தான். ஒரு நிறத்தையோ அளவையோ கண் தனியே எடுத்து அளப்பதில்லை. பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிட்டு ஊகிக்கிறது. ஊகம் பிசகும்போது அதைக் கண்மயக்கு என்கிறோம். போடியின் ஏலக்காய் வணிகம் இந்த ஊகத்தின் மேல் எழுந்த வணிகம். சல்லடை, லிட்டர் எடை, மாதிரித் தட்டு, கறுப்புத் தாள் வைத்த சாக்கு என்று அந்தத் தொழில் காலப்போக்கில் சேர்த்துக்கொண்ட ஒவ்வொன்றும், கண்ணுக்குத் துணையாகவோ காவலாகவோ வந்தது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

ஏலமலைச் சரிவுகளில் பெரும்பகுதி இன்று கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் இருக்கிறது. அன்று அது திருவிதாங்கூர் சமஸ்தானம். விளைந்த காய் அரசுக்கே உரியது என்ற ஏகபோகம் 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி வரை நீடித்தது. காய் ஆலப்புழைக் கிடங்குக்குப் போய் அங்கே விலையானது. ஆனால் காட்டு நிழலில் செடியைப் பேணிக் காய் எடுத்தவர்களில் பெரும்பாலோர் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் போடிப் பக்கத்திலிருந்தும் மலையேறிய தமிழர்கள். மலைக்குப் போகும் அரிசியும் ஆளும் கிழக்கிலிருந்து ஏற, விளைச்சல் கிழக்கே இறங்கத் தொடங்கியது. மூணாறு பக்கத்துத் தேயிலைகூட டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவட வழியாகக் கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாகத்தான் வெளியே போனது. 1928-இல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது. 1965-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏலக்காய்க்கெனத் தனி வாரியம் அமைந்தது. 1987-இல் அதன் இடத்தில் நறுமணப் பொருள் வாரியம் வந்தது. இன்று அந்த வாரியத்தின் மேற்பார்வையில் மின்னணு ஏலம் நடக்கும் இடங்கள் இடுக்கியின் புற்றடியும் நம் போடியும். இத்தனை மாறியும் உயர்ரகக் காயின் பெயரில் ஆலப்புழை ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆலப்புழைப் பச்சை, கூடுதல் பருமன் என்பதன் ஆங்கிலச் சுருக்கமான ஏ.ஜி.இ.பி. என்பதே சந்தையின் உச்சத் தரம். அந்தப் பெயரில் ஊர் ஒன்று. மற்ற இரண்டும், அதாவது பச்சையும் பருமனும், கண் சொல்லும் சாட்சியங்கள். மணம் அந்தப் பெயரில் எங்கும் இல்லை.

பச்சைதான் ஏலக்காயின் இயல்பான அழகு என்று இன்று யாருக்கும் தோன்றும். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. வெயிலில் உலர்த்திய காய் வெளிறிப்போகும். நெடுங்காலம் உலகச் சந்தைக்குப் போனவற்றில் வெளிர்நிறக் காய்க்குப் பெரிய இடம் இருந்தது. கர்நாடகத்தின் ஹாவேரியில் காயைப் பூந்திக்கொட்டை நீரில் கழுவி, கந்தகப் புகை காட்டி, பால்வெள்ளையாக வெளுப்பதே ஒரு கைத்தொழிலாக வளர்ந்தது. அந்த ஊரின் ஏலக்காய் மாலைகள் இன்றும் பெயர்பெற்றவை. வெள்ளைதான் தூய்மை என்று ஒரு சந்தை நம்பியது. பச்சைதான் புதுமை என்று இன்னொரு சந்தை, முக்கியமாகக் காபியில் ஏலம் சேர்க்கும் அரபு நாடுகள், நம்பியது. பச்சைக்கு விலை ஏறியதும் மலையின் கட்டடங்களே மாறின. தோட்டக்காரர்கள் ‘ஸ்டோர்’ என்று சொல்லும் உலர்கூடங்களில் வெயில் படாமல், குழாய்வழி பரவும் மிதமான சூட்டில், சுமார் 45 முதல் 50 டிகிரிக்குள் காயைக் காயவைக்கும் முறை நிலைத்தது. பறித்த காயை 2 சதவீத சலவைச்சோடா நீரில் 10 நிமிடம் ஊறவைத்தால் பச்சை நிற்கும் என்பதும் நடைமுறைக்கு வந்தது. நாலைந்து கிலோ பச்சைக்காய் ஒரு கிலோவாகச் சுண்டும் அந்த நேரத்துக்குள், நிறத்தைக் காப்பதே பெரும் கவலை. ஒரே காய், ஒரே விதை. ஓர் ஊரில் அதன் நிறத்தைப் போக்கக் கூலி கொடுத்தார்கள், இன்னோர் ஊரில் அதைக் காக்க விறகு எரித்தார்கள். எனவே பச்சையை உயர்ந்ததாகக் காண்பது கண்ணோடு பிறந்த குணமன்று, சந்தை பழக்கியது.

இதிலிருந்து கண்ணே ஏமாளி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அதே கண் மலையில் செய்யும் வேலையைப் பார்க்க வேண்டும். ஏலச்செடி உயர்ந்த மரங்களின் நிழலில் வளர்வது. மேலிருந்து வரும் வெளிச்சம் இலைகளுக்கு ஊடே வடிகட்டப்பட்டுப் பச்சை கலந்து விழுகிறது. தூரின் அடியில், மண்ணை ஒட்டிப் படர்ந்த சரத்தில், ஒரே சமயத்தில் பூவும் பிஞ்சும் முற்றிய காயும் இருக்கும். அந்தப் பச்சை வெளிச்சத்தில், பச்சைத் தண்டுக்கு நடுவே, முற்றிய பச்சையை முற்றாத பச்சையிலிருந்து பிரித்துக் கிள்ளி எடுக்க வேண்டும். சந்தேகம் வந்தால் காய் எடுக்கும் பெண் ஒன்றை நகத்தால் பிளந்து விதை கறுத்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறார். இந்த வேலை எப்படி முடிகிறது? விழும் வெளிச்சத்தின் சாயலை மூளை தானாகவே கழித்துவிட்டு, பொருளின் சொந்த நிறத்தை ஊகிப்பதால்தான். ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1860-களில் இதை உணர்வுக்கு எட்டாத ஊகம் என்று விளக்கினார். விழித்திரையில் விழுவது வெளிச்சமும் பொருளும் பிசைந்த ஒரே கலவை. அதை மூளைதான் இரண்டாகப் பிரிக்கிறது. காலையில் விடியலுக்கு முன் போடியிலிருந்து ஜீப்பில் ஏறிப் போகிறவர் உச்சிவெயிலிலும் மூடுபனியிலும் ஒரே நிதானத்தோடு காய் எடுக்க முடிவது இந்தக் கழித்தல் கணக்கால்தான். 2015-இல் ஓர் உடையின் படத்தைப் பார்த்து உலகமே நீலம்-கறுப்பு என்றும் வெள்ளை-பொன்நிறம் என்றும் இரண்டாகப் பிரிந்தது. படத்தில் வெளிச்சம் எப்படிப்பட்டது என்பதற்குக் குறிப்பு போதாததால், ஒவ்வொரு மூளையும் தனக்குத் தோன்றிய வெளிச்சத்தைக் கழித்தது. மலையில் கைகொடுக்கும் அதே திறமை, சூழல் மாறியதும் வேறு விடை சொன்னது.

மலையிலிருந்து இறங்கிய காய் கிடங்குக்கு வந்ததும் சூழல் மாறுகிறது; இங்கே கண்ணை மயக்குவது பக்கத்து நிறம். 1824-இல் பாரிஸின் கோப்ளான் திரைச்சீலை ஆலையில் சாயப்பிரிவுக்குத் தலைவரான வேதியியலாளர் மிஷேல் ஷெவ்ரலுக்கு ஒரு புகார் வந்தது: ஆலையின் கறுப்புச் சாயத்தில் அழுத்தம் இல்லை. அவர் சோதித்துப் பார்த்தார். சாயத்தில் குறையே இல்லை. நீலம், ஊதா நூல்களுக்குப் பக்கத்தில் நெய்யப்பட்டதால்தான் கறுப்பு சோர்ந்து தெரிந்தது. பக்கத்து நிறம் ஒரு நிறத்தைத் தன் எதிர்த்திசைக்குத் தள்ளும் என்ற அந்த விதியை அவர் 1839-இல் நூலாக்கினார். விதியைப் போடியின் தட்டுக்குக் கொண்டுவந்தால் விளைவு நேரடியானது. சிவப்புத் துணியில் கொட்டிய ஏலக்காய் இன்னும் பச்சையாகத் தெரியும். அதே கைப்பிடியை வாழையிலையில் கொட்டினால் மஞ்சளடித்துத் தோன்றும். இன்னொரு நுட்பமும் உண்டு. வில்ஹெல்ம் ஃபொன் பெட்சோல்ட் 1870-களில் விளக்கியபடி, பக்கத்து நிறம் அகலப் பரப்பாக இல்லாமல் மெல்லிய இழைகளாகக் குறுக்கே ஓடினால், நிறம் எதிர்த்திசைக்குப் போகாமல் அந்த இழையின் பக்கமே சாய்கிறது. பச்சை வலைப்பையில் கட்டிய காய் கூடுதல் பச்சையாகத் தெரிவதும், சிவப்பு வலையில் ஆரஞ்சுப் பழம் கூடுதல் பழுத்ததாகத் தெரிவதும் இதனால்தான். பரந்த பச்சை காயை வெளிறச் செய்கிறது. மெல்லிய பச்சை காயை மெருகேற்றுகிறது. ஒரு துளிச் சாயமும் படாமல் இரண்டும் நடக்கின்றன.

நிறத்தைப் போலவே பருமனும். பெல்ஜியத்தின் ஜோசஃப் டெல்பஃப் 1865-இல் காட்டியது: ஒரே வட்டத்தை நெருக்கமான வளையத்துக்குள் வைத்தால் பெரிதாகவும், அகன்ற வளையத்துக்குள் வைத்தால் சிறிதாகவும் தெரியும். கைப்பிடி ஏலக்காய் சின்னத் தட்டில் கொழுத்துத் தெரிவதும் பெரிய தாம்பாளத்தில் மெலிந்து தெரிவதும் அந்தக் கணக்குதான். இந்த இடத்தில் தொழில் கண்டெடுத்த காவல் சல்லடை. 7 மில்லிமீட்டர் துளையில் நிற்பது ஒரு தரம், 6-இல் நிற்பது அடுத்தது, 5-இல் நிற்பது அதற்கும் அடுத்தது. துளைக்குப் பக்கத்துக் காய் எது என்று தெரியாது. விழுந்தால் விழும், நின்றால் நிற்கும். ஆனால் பருத்த காய் உள்ளே பொக்காகவும் இருக்கலாம். அதற்காக லிட்டர் எடை வந்தது: ஒரு லிட்டர் கலத்தை நிரப்பி நிறுத்தால் உச்சத் தரத்துக்கு 435 கிராமாவது இருக்க வேண்டும். கையில் அள்ளித் தூக்கிப் பார்த்தாலே கனம் தெரியாதா என்றால், தெரியாது என்பதே விடை. ஒரே எடையுள்ள இரண்டு பொருள்களில் பெரியது இலேசாகத் தோன்றும் என்று பிரான்ஸின் அகஸ்டின் ஷார்பாந்தியே 1891-இல் நிறுவினார். பெரிய காயிடம் கை அதிகக் கனத்தை எதிர்பார்க்கிறது. எதிர்பார்த்தது கிடைக்காதபோது உள்ளதையும் குறைத்துக் கணிக்கிறது. சல்லடை கண்ணைத் திருத்தியது, தராசு கையைத் திருத்தியது. சல்லடைக்கும் தராசுக்கும் நடுவே எஞ்சும் வேலை போடியின் பெண்களுடையது. கிடங்குத் தரையில் வரிசையாக அமர்ந்து, வெடித்த காய், பழுத்து மஞ்சளான காய், பூச்சியால் சொறிபிடித்த காய் என்று மணிக்கணக்காகப் பொறுக்கிப் பிரிப்பவர்கள் அவர்கள். ஒரு குவியலின் சராசரிப் பச்சை எதுவோ, அதற்கு எதிராகத்தான் அடுத்த காயின் பச்சையை அவர்களால் மதிப்பிட முடியும். குவியல் மாறினால் அளவுகோலும் மாறும்.

நிழல் சொல்லும் செய்தியும் உண்டு. தமிழ்நாட்டில் பிறந்து சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியலாளர் வி.எஸ். ராமச்சந்திரன், நிழலைக் கொண்டு மூளை எப்படி மேடு பள்ளத்தை அறிகிறது என்பதை 1988-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். மேல்பக்கம் வெளுத்துக் கீழ்ப்பக்கம் இருண்ட வட்டம் புடைத்துத் தெரிகிறது. படத்தைத் தலைகீழாக்கினால் அதே வட்டம் குழிந்துவிடுகிறது. ஒளி ஒன்றே, அதுவும் மேலிருந்தே வருகிறது என்று மூளை எடுத்துக்கொள்வதுதான் காரணம். சூரியனுக்குக் கீழே வாழும் உயிருக்கு அது நியாயமான அனுமானம். ஏலக்காயின் மூன்று முகமும் அதன் மேல் ஓடும் நுண்வரிகளும் இந்த அனுமானத்துக்கு நல்ல தீனி. ஒரு பக்க ஜன்னலிலிருந்து வரும் வெளிச்சத்தில் சுருங்கிய காயின் ஒவ்வொரு சுருக்கமும் தன் நிழலால் தன்னைக் காட்டிக்கொடுக்கும். நாலா பக்கமும் குழல்விளக்கு எரியும் அறையில் நிழல் கரைந்துபோகும். சுருங்கியதும் கொழுத்ததும் நெருங்கி வந்துவிடும். வெளிச்சம் கூடினால் உண்மை கூடும் என்று நினைப்பது இந்த இடத்தில் தவறாகிறது. இன்னொரு பக்கம், ஒளியே பச்சையின் பகையும் ஆகிறது: வெளிச்சம் படப்படத் தோலின் பச்சையம் சிதைந்து வெளிறும். அதனால்தான் கறுப்பு பாலித்தீன் உள்ளே வைத்த சாக்குகளில் காயை இருட்டில் வைக்கிறார்கள். பார்ப்பதற்காக வெளியே எடுத்த ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டிய பொருள் கொஞ்சம் குறைகிறது.

அனுபவம் இதையெல்லாம் சரிசெய்துவிடாதா என்று கேட்கலாம். முப்பது வருடம் காய் பார்த்த வியாபாரியின் கண்ணும் நம் கண்ணும் ஒன்றா? ஒன்றில்லைதான். ஆனால் வேறுபாடு எங்கே இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். 1889-இல் முல்லர்-லையர் வரைந்த இரண்டு கோடுகளின் நீளம் ஒன்றே என்று அளந்து பார்த்தவருக்கும், அம்புமுனை வெளியே விரிந்த கோடு நீளமாகவே தெரியும். கண்மயக்கு அறிவுக்குக் கட்டுப்படுவதில்லை. இன்னும் கடுமையான சாட்சியம் ஒன்று உண்டு. பிரான்ஸின் போர்தோவில் திராட்சை மது பற்றிய படிப்பில் இருந்த 54 மாணவர்களிடம், மணமில்லாச் சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை மதுவைக் கொடுத்தார்கள். சிவப்பு மதுவுக்குரிய சொற்களாலேயே அவர்கள் அதன் மணத்தை விவரித்தார்கள் என்று 2001-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. பயிற்சி பெற்ற மூக்கும் கண் சொன்னதையே முகர்ந்தது. ஆகவே பழுத்த வியாபாரியின் திறமை மயக்கம் இல்லாத கண்ணில் இல்லை, அவருடைய செய்முறையில் இருக்கிறது. அவர் தட்டை ஜன்னலுக்குத் திருப்புகிறார், இரண்டு மாதிரியை ஒன்றோடொன்று ஒட்டவைத்துப் பார்க்கிறார், காயைக் குலுக்கிக் கேட்கிறார், தோலை உரித்து விதையைக் கடிக்கிறார். தன் கண்ணை முழுவதும் நம்பாததே அவருடைய அனுபவம்.

இதைவிடக் கனமான மறுப்பு இன்னொன்று. பச்சை வெறும் தோற்றம் இல்லையே. உரிய பக்குவத்தில் எடுத்து, தாமதிக்காமல் ஸ்டோரில் ஏற்றி, சூடு தாண்டாமல் காயவைத்தால்தானே அந்த நிறம் நிற்கும்? அப்படியானால் பச்சை நல்ல கைப்பக்குவத்தின் அடையாளம். அதற்கு விலை தருவது நேர்மை. இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அடையாளம் வேறு, பொருள் வேறு. பச்சையம் இருப்பது தோலில். மணத்துக்குக் காரணமான சினியோலும் டெர்பினைல் அசிடேட்டும் விதையின் எண்ணெயில். பாயசத்துக்கும் பிரியாணிக்கும் மணம் தருவது அந்த விதை. மழை விடாத ஒரு வாரத்தில் நிறம் தவறிய காயின் உள்ளே மணம் குறையாமல் இருக்கலாம். அடையாளத்துக்குத் தனி விலை வந்துவிட்டால், அடையாளத்தை மட்டும் தயாரிக்கும் தொழிலும் வரும். காய்க்குச் செயற்கைப் பச்சை ஏற்றுவது அப்படி வந்ததுதான். முழு ஏலக்காயில் சாயம் சேர்ப்பதை நம் உணவுப் பாதுகாப்பு விதிகள் தடை செய்கின்றன; சோதனைகளும் நடக்கின்றன. ஆனால் சட்டம் பிடிப்பது சாயத்தை. சாயத்துக்குத் தேவையை உண்டாக்கும் விலையை அது தொடுவதில்லை. 2019-இல் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அப்படிப்பட்ட விலையில் தோலின் சாயல் ஒரு பங்கு மாறினாலும் ஒரு குடும்பத்தின் வருட வருமானம் ஆடும். அந்த ஆட்டத்தைத் தாங்குவது பெரும்பாலும் சிறிய தோட்டக்காரர்.

இயந்திரம் வந்தபின் இந்தப் பேச்சு எதற்கு என்பது மூன்றாவது மறுப்பு. நிறம் பிரிக்கும் இயந்திரத்தின் கேமரா பக்கத்துக் காயைப் பார்த்து மயங்குவதில்லை. மின்னணு ஏலத்தில் குரலின் அவசரமும் இல்லை. இரண்டும் நல்ல மாற்றங்களே. ஆனால் எந்தப் பச்சைக்கு மேல் உயர்தரம் என்ற எல்லையை இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுப்பது ஒரு மனிதக் கண். கணினித் திரையில் விலையைத் தட்டுவதற்கு முன்னும் தட்டில் வந்த மாதிரியைத்தான் வாங்குபவர் குனிந்து பார்க்கிறார். 2007-இல் கணினி வந்தபோது ஏலத்தின் வாய் மாறியது, கண் மாறவில்லை. இயந்திரம் ஒரே சீராகப் பிரிக்கும் என்பது உண்மை. எதற்காகப் பிரிக்கிறோம் என்பதை அது கேட்காது.

எனவே கண்ணைக் குற்றம் சொல்லாமல், அது வேலை செய்யும் இடத்தைத் திருத்துவதே முறை. இந்தத் தொழில் முன்பும் அப்படித்தான் செய்தது: பருமனில் கண் தவறியபோது சல்லடை வைத்தது, கனத்தில் கை தவறியபோது லிட்டர் கலம் வைத்தது. நிறத்துக்கு மட்டும் அப்படி ஒரு காவலை இன்னும் பொதுவில் வைக்கவில்லை. எல்லா மாதிரிக்கும் ஒரே அளவான சாம்பல்நிறத் தட்டு, ஒரே திசையிலிருந்து வரும் ஒரே தன்மையான வெளிச்சம், தட்டின் ஓரத்தில் விதையின் எண்ணெய் அளவைச் சொல்லும் ஒரு சீட்டு: இவற்றில் எதற்கும் பெரும் செலவு இல்லை. பச்சைக்கு அதன் விலை கிடைக்கட்டும். மணத்துக்கும் ஒரு விலை எழுதப்படட்டும். அதுவரை சந்தைக்கு முன்மாதிரி மலையில்தான் இருக்கிறது. மரநிழலில் குனிந்து காய் எடுக்கும் பெண் தன் கண் தயங்கும் இடத்தில் அதோடு வாதாடுவதில்லை; ஒரு காயை நகத்தால் பிளந்து, உள்ளே விதை கறுத்துவிட்டதா என்று பார்த்துவிட்டு, அடுத்த தூருக்கு நகர்கிறார்.